சிவப்பு, மஞ்சள், பச்சை: கொடுப்பவர்கள் கூடும் வட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தல்லாகுளத்தில் ஒரு சின்ன ஹால். எங்கள் சங்கத்தின் வட்டம் ஒன்றுக்குப் புதிதாக கன்வீனர் ஆன தம்பி புரொஜெக்டரைப் போட்டார். சுவரில் ஒரு எக்ஸெல் ஷீட். மதுரைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் பெயர்கள், எதிரே சிவப்பு, மஞ்சள், பச்சை. "யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்து மார்க் போட்டுட்டா வேலை மிச்சம்ணே" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த ஷீட்டை நான் முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறேன். எக்ஸெலில் இல்லை, மினிட்ஸ் நோட்டில்.

எங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் பணம் கொடுக்கிற பக்கத்துக்காரர்கள்: குடும்ப டிரஸ்ட்டுகள், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவுகள், ஓரிரு பெரிய அறக்கட்டளைகள். வருடம் ஒரு மாநாடு, சட்டம் மாறினால் ஆடிட்டரைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு. அதெல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். ஒரே மாதிரி வேலையில் இருக்கும் எட்டுப் பத்துப் பேர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து தலைவலிகளைப் பேசிக்கொள்வதுதான் வட்டம். சந்தாவை நேரத்துக்கு வசூலியுங்கள், ஹாலை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தலைப்பை வைத்து ஆள் சேர்ப்பது

கல்வி, சுகாதாரம், கண்மாய் என்று வட்டம் பிரித்தால் காகிதத்தில் அழகாக இருக்கும். எங்கள் கண்மாய் வட்டத்தின் முதல் கூட்டத்தில் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். மேலாளரும், தாத்தா காலத்து டிரஸ்ட் ஒன்றின் அறங்காவலரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "கண்மாயில தண்ணி வத்தட்டும், சித்திரையில தூர் வாரலாம்" என்றார் பெரியவர். "சித்திரைன்னா அடுத்த நிதியாண்டு சார்" என்றார் மேலாளர்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுக்குள் வரும் கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சி.எஸ்.ஆர். பணிகளுக்குச் செலவு செய்தாக வேண்டும். மார்ச் 31க்குள் செலவாகாத பணம் தொடர் திட்டத்துடையது என்றால் 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அப்படி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறித்திருக்கிற அரசு நிதிகளில் ஒன்றுக்குப் போய்விடும். மேலாளருக்கு மாசி பிறந்தாலே தூக்கம் போய்விடும். பெரியவருக்கு அந்த அவசரம் எதுவும் கிடையாது. கண்மாய் இருவருக்கும் பொது, ஆனால் தலைவலி வேறு.

இரண்டு வருடம் கழித்து, பார்க்கிற வேலையை வைத்துப் பிரித்தோம். அறங்காவலர்கள் ஒரு வட்டம், களத்துக்குப் போகும் திட்ட அலுவலர்கள் ஒரு வட்டம். மூன்றாவதை நாங்கள் யாரும் கூட்டவில்லை. ஹாலுக்கு வெளியே டீக்கடையில் கணக்குப் பிரிவு ஆட்கள் நான்கு பேர் தாங்களாகவே பேசிப் பேசி உருவானது. இன்றைக்குக் கூட்டம் தவறாமல் நடப்பது அது ஒன்றுதான்.

பெயர் சொல்லிக் குறை பேசுவது

இதைப் பற்றி நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. என் மேல்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் மாலை நேர டியூஷன் மையங்கள் நடத்திக்கொண்டிருந்த சின்ன நிறுவனம். பதினான்கு மையங்கள், ஊருக்குள்ளேயே படித்த பெண்கள்தான் டீச்சர்கள். ஒரு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேச்சோடு பேச்சாக, "அவங்ககிட்ட இருந்து யூ.சி. இன்னும் வரல" என்றார். கொடுத்த பணம் இன்னதற்குச் செலவானது என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுத் தரும் சான்றுதான் யூ.சி. நான் கடமை தவறாத கன்வீனர் அல்லவா, நிறுவனத்தின் பெயரை எழுதி எதிரே "அறிக்கை நிலுவை. கவனம் தேவை" என்று மினிட்ஸில் போட்டேன். பதினோரு உறுப்பினர்களுக்கும் அனுப்பினேன்.

யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒருவர் "கொஞ்சம் பார்த்துக் கொடுப்போம்" என்று தவணையை நிறுத்தினார். அவர் நிறுத்தியதைக் கேள்விப்பட்டு இன்னொருவர் நிறுத்தினார். மூன்றாமவர், இரண்டு பேர் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கும் என்று நினைத்தார். இரண்டு மாதத்தில் மூன்று குழாயும் அடைத்துக்கொண்டன. அந்த நிறுவனத்தை நடத்துகிறவர் துணிப்பை நிறைய கணக்கு நோட்டுகளோடு என் அறைக்கு வந்தார். "என்ன தப்பு பண்ணினோம்னு மட்டும் சொல்லுங்க சார்."

அன்றைக்குத்தான் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஒப்பந்தப்படி இரண்டாம் தவணை ஜூலையில் போயிருக்க வேண்டும். வங்கியில் வரவானது அக்டோபரில். செலவே ஆகாத பணத்துக்கு எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? தாமதம் செய்தது, கூட்டத்தில் குறை சொன்ன அதே உறுப்பினரின் அலுவலகம். திருத்தம் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். திருத்தத்தை யார் படிக்கிறார்கள்? பணம் திரும்ப வர ஆரம்பித்தபோது ஏழு மையங்கள் மூடியாகிவிட்டது. டீச்சர்களில் சிலர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள்.

பணம் கொடுப்பவர்கள் பத்துப் பேர் ஓர் அறையில் உட்கார்ந்தால், அங்கே சாதாரணப் பேச்சு என்று ஒன்று கிடையாது. நமக்கு அது வாய்வார்த்தை, வெளியே இருப்பவருக்குத் தீர்ப்பு. அதனால் இப்போது எங்கள் வட்டத்தில் "அவர்கள் யூ.சி. தரவில்லை" என்று ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன். "எனக்கு ஒரு யூ.சி. வராமல் தவணை நிற்கிறது, உங்கள் இடத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். பெயர் கூடாது, ஊரும் கூடாது. இந்த ஊரில் ஆளுக்கு ஆள் அறிமுகம், உசிலம்பட்டி டியூஷன் என்றாலே போதும். பணம் கையாடல் என்று நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அது வட்டத்துக்கான விஷயமே இல்லை. முதலில் அந்த நிறுவனத்திடமே காகிதத்தோடு கேளுங்கள், அப்புறம் உங்கள் அறங்காவலர்களிடம் கொண்டு போங்கள். மினிட்ஸில் வந்தவர்கள் பெயரும் அடுத்த கூட்டத் தேதியும் இருந்தால் போதும்.

தல்லாகுளத்துத் தம்பியை டீ குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய் இவ்வளவையும் சொன்னேன். "நல்லெண்ணத்துலதான்ணே செஞ்சேன்" என்றார். நானும் அப்படித்தான் செய்தேன். அடுத்த வாரம் ஷீட்டை மாற்றி அனுப்பினார். நிறுவனங்களின் பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் உறுப்பினர்களின் பெயர்களைப் போட்டிருந்தார். எதிரே இரண்டு தேதிகள்: தவணை தர வேண்டிய நாள், தந்த நாள். பாதிக்கு மேல் சிவப்பு.

அவசரப்பட்டுப் பொது உண்டியல் வைப்பது

மூன்று மாதம் ஒத்துப்போனால் யாராவது ஒருவர், "எல்லாரும் சேர்ந்து ஒரே நிதியாப் போட்டா என்ன?" என்பார். கைதட்டுவார்கள். அதற்குள் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அறக்கட்டளை அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிட முடியாது, எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம் அதற்குத் தடை போட்டுவிட்டது. கம்பெனிகள் கூட்டுச் சேரலாம், ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்கைத் தனியாகக் கணக்குக் காட்ட முடிய வேண்டும். ஒரே திட்டம், தனித்தனி காசோலை. இந்த வழியில் எங்களுக்கு இதுவரை வம்பு வந்ததில்லை.

பணம் கேட்டு வரும் நிறுவனத்தாரை வட்டத்தில் விருந்தாளியாக உட்கார வைப்பது

வேண்டாம். பாடம் எடுக்கக் கூப்பிடுங்கள், அதற்குக் கட்டணம் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்

காலை வணக்கத்துக்கு ஒரு குரூப், வேலைக்கு ஒரு குரூப்.

முடிந்துபோன வட்டத்தை இழுத்துக்கொண்டே போவது

2020 ஊரடங்கில் நிவாரண வட்டம் ஒன்று ஆரம்பித்தோம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போனில். மேலூருக்கு யார் அரிசி அனுப்புகிறார்கள், திருமங்கலத்துக்கு லாரி உண்டா என்று இருபது நிமிடத்தில் முடியும் பேச்சு. நான் பார்த்ததிலேயே நன்றாக வேலை செய்த வட்டம் அதுதான். அதனாலேயே மூட மனசு வரவில்லை. மாதம் ஒருமுறை என்று மாற்றினோம், பெயரை மாற்றினோம், பேசுவதற்குத் தலைப்புத் தேடினோம். 2022இல் ஒரு கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு வடை சொல்லியிருந்தேன். நானும் இன்னொருவரும்தான். ஆளுக்கு இரண்டு தின்றோம், மிச்சத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, நோட்டில் "வட்டம் முடிந்தது" என்று எழுதித் தேதி போட்டோம்.