வேட்டைத் துப்பாக்கிக்கு மாற்று சிந்தெடிக் ஸ்டாக்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மர ஸ்டாக் (துப்பாக்கியின் குழலையும் மற்ற பாகங்களையும் தாங்கி, தோளில் ஊன்றும் உடல்பகுதி) மழையில் ஊறிக் குறி தள்ளிப் போன பிறகுதான் பலருக்கும் சிந்தெடிக் (மரமல்லாத செயற்கைப் பொருள்) ஞாபகமே வரும். எனக்கும் அப்படித்தான். அவசரத்தில் கிடைத்ததிலேயே விலை குறைந்த பிளாஸ்டிக் ஸ்டாக்கை வாங்கி மாட்டினேன். மணல் பை மேல் வைத்துச் சுட்டால் ஒரு இடம், பைபாட் (முன்னால் மாட்டும் இரண்டு கால் தாங்கி) போட்டுச் சுட்டால் இன்னொரு இடம். குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டு இரண்டு பெட்டி தோட்டா தீர்த்த பிறகுதான் புரிந்தது, ஸ்டாக்கின் முன்பகுதி வளைந்து பேரலை, அதாவது குழலை, தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால் நிறம், வடிவம் எல்லாம் அப்புறம். முதல் கேள்வி, அது உங்கள் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பாகமான ஆக்‌ஷனில் உட்காருமா என்பதுதான். "ரெமிங்டன் 700-க்கு" என்று துப்பாக்கி மாடலின் பெயரைப் பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. ஷார்ட் ஆக்‌ஷனா லாங் ஆக்‌ஷனா என்று பாருங்கள். 308 வின்செஸ்டர் தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 71 மி.மீ., 30-06 சுமார் 85 மி.மீ.; அந்த வித்தியாசம் ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகுகளுக்கு இடையிலான தூரத்திலேயே வந்துவிடும். அதே 700-இல் ஏடிஎல் மாடலின் ஸ்டாக் அடியில் தோட்டா அடுக்கும் மேகஸினுக்குத் திறப்பே கிடையாது, பிடிஎல் மாடலில் கீல் வைத்த மூடி உண்டு, கழற்றும் மேகஸின் என்றால் அது மூன்றாவது கதை. ஒன்றுக்கு வெட்டியதில் மற்றது அப்படியே உட்காராது. பேரலின் தடிமனும் முக்கியம்: மெல்லிய ஸ்போர்ட்டர் பேரலுக்கான பள்ளத்தில் தடித்த வார்மின்ட் பேரல் இறங்காது, மாற்றி வைத்தால் இரண்டு பக்கமும் அசிங்கமான இடைவெளி. இடது கைக்காரர் என்றால் போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடிக்கான வெட்டு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சில சமயம் பெயர் வேறாக இருந்தாலும் அச்சு ஒன்றுதான். ஹோவா 1500-க்கு வரும் ஸ்டாக் பொதுவாக வெதர்பி வேன்கார்டு துப்பாக்கிக்கும் பொருந்தும்.

சரி, பொருள். சந்தையில் அதிகம் இருப்பது அச்சில் ஊற்றி வார்த்த பிளாஸ்டிக். தண்ணீர் ஏறாது, கீறல் விழுந்தால் மனசு வலிக்காது, ஆனால் மலிவானவற்றில் முன்பகுதி ரப்பர் மாதிரி வளையும், பின்பகுதி உள்ளே கூடாக இருப்பதால் கிளை பட்டால் டம்மென்று சத்தம் வரும். அடுத்தது ஃபைபர்கிளாஸை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. விலை ஏறும், விறைப்பும் ஏறும். கார்பன் ஃபைபர் இன்னும் லேசு. ஆனால் லேசாக ஆக ஆக உதை முழுவதும் தோளுக்குத்தான். மலை ஏறுகிறவருக்கு 400 கிராம் குறைவது பெரிய விஷயம், அதிக வலுவுள்ள மேக்னம் தோட்டா சுடுகிறவருக்கு அதே 400 கிராம் கூட இருந்தால் நல்லது. என்னைக் கேட்டால், எடையைவிட முன்பகுதியின் விறைப்புக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

அதைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று, தோட்டா உட்காரும் சேம்பரையும் மேகஸினையும் பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி வையுங்கள். பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே காகிதத்தை விட்டு ஆக்‌ஷன் வரை இழுங்கள், தடையில்லாமல் போக வேண்டும். இப்போது முன்பகுதியின் நுனியைப் பேரலோடு சேர்த்துக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுங்கள். காகிதம் மாட்டிக்கொண்டால், பைபாட் போட்டாலும் தோள் வாரை இழுத்துப் பிடித்துச் சுட்டாலும் அதேதான் நடக்கும். சில தொழிற்சாலை ஸ்டாக்குகளில் நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு வைத்துப் பேரலைத் தாங்கவிடுவார்கள், அது வேறு கணக்கு.

ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் அலுமினியக் கட்டை பதித்திருந்தால் நல்லது, குறைந்தது திருகு போகும் வழியில் உலோகத் தூண்களாவது வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மேல் இறுக்கினால் அது நசுங்கி, திருகு மெல்லத் தளரும். உட்கார்வு சரியா என்று தெரிய, பேரலும் முன்பகுதி நுனியும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகை மட்டும் தளர்த்திப் பாருங்கள். விரலுக்குக் கீழே ஏதாவது நகர்ந்தால் ஆக்‌ஷன் வளைந்த நிலையில் இருந்தது என்று அர்த்தம். எபாக்ஸி பசை ஊற்றி உட்காரும் இடத்தைச் சரிசெய்யும் பெடிங் செய்ய வேண்டியிருக்கும்.

உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதைக் கடையில் டீ-ஷர்ட்டோடு நின்று முடிவு செய்யாதீர்கள். விசையிலிருந்து பின்தட்டு வரை உள்ள நீளம் பெரும்பாலும் 13.5 அங்குலம் வாக்கில் வரும், ஆனால் தடித்த குளிர் சட்டை போட்டால் அதே நீளம் அதிகமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் கன்னம் படும் மேடு தாழ்வு, உயர்த்தக்கூடிய மேடு உள்ளதைத் தேடுங்கள்.

மாட்டும்போது துப்பாக்கியைப் பின்தட்டில் நிமிர்த்தி நிறுத்தி, உதையைத் தாங்கும் ரீகாயில் லக் பின்னால் நன்றாக உட்கார்ந்த பிறகு திருகுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். அலுமினியக் கட்டை உள்ள ஸ்டாக்குக்கு 65 இஞ்ச்-பவுண்ட் (திருகை இறுக்கும் விசையின் அளவு) வரை சொல்வார்கள், வெறும் பிளாஸ்டிக்குக்கு அதைவிட நிறையக் குறைவு, தயாரிப்பாளர் தாளில் இருப்பதே கணக்கு. பழைய திருகு புது ஸ்டாக்கில் நீளமாகிவிடலாம்: இறுக்கிய பிறகு போல்ட் உரசினால் முன் திருகின் நுனி உள்ளே எட்டிப் பார்க்கிறது, சுடாமல் கழற்றிச் சரிசெய்யுங்கள். விசையும் சேஃப்டியும் ஸ்டாக்கின் உட்பக்கத்தில் எங்கும் இடிக்காமல் முழுதாக அசைகிறதா என்பதையும் தோட்டா இல்லாமல் பலமுறை பாருங்கள். மடக்கும் ஸ்டாக், தனிப்பிடி வைத்த ஸ்டாக் போன்றவற்றுக்குச் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, அதை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். அப்புறம் காட்டுக்குப் போகும் முன் குறியை முதலிலிருந்து வைக்க வேண்டும், 20 தோட்டா சுட்டுவிட்டுத் திருகின் இறுக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.