சிறிய கேமரா ட்ரோன்: பதிப்புகளை ஒப்பிடுவது எப்படி?

சிறிய கேமரா ட்ரோனின் பதிப்புகளை ஒப்பிடும்போது, விளம்பரத்தில் முதலில் கண்ணில் படும் பறக்கும் நேரத்தை ஒதுக்கிவிட்டு, ஒளியைப் படமாக மாற்றும் கேமரா சென்சாரின் அளவிலிருந்து தொடங்குங்கள். டிஜேஐ நிறுவனம் 2019இல் வெளியிட்ட மேவிக் மினி 2.7கே காணொளியையே பதிவுசெய்தது. 2020இல் வந்த மினி 2 அதே 1/2.3 அங்குல சென்சாருடன் 4கே தரத்துக்கு உயர்ந்தபோதிலும், 2022இல் மினி 3 ப்ரோ அதைவிடப் பெரிய 1/1.3 அங்குல சென்சாரைப் பெற்ற பிறகுதான் மங்கிய ஒளியில் எடுக்கும் படங்கள் தெளிவாக மேம்பட்டன. மினி 2இன் பெரிய மாற்றம், என் கணிப்பில், படத்தரமன்று. ட்ரோனுக்கும் ரிமோட்டுக்கும் இடையே வைஃபை இணைப்பிலிருந்து டிஜேஐயின் சொந்த இணைப்புத் தொழில்நுட்பமான ஆக்குசிங்க் 2.0க்கு மாறியதால் கிடைத்த நிலையான நேரலைக் காட்சியே ஆகும்.

அடுத்து, தடைகளை உணரும் திறனைப் பாருங்கள். மினி 3 ப்ரோ முன், பின், கீழ்த் திசைகளை உணரும். 2023இல் வந்த மினி 4 ப்ரோ பக்கவாட்டையும் உணர்வதால், மரங்களுக்கிடையே படமெடுப்பவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

இந்த இரு ப்ரோ ட்ரோன்களின் எடையும் ஏறத்தாழ 249 கிராம்தான், ஆனால் கூடுதல் திறனுள்ள பேட்டரியைப் பொருத்தினால் 250 கிராமைத் தாண்டிவிடும் என்பதால், எடை சார்ந்த விதிகளை முன்கூட்டியே சரிபாருங்கள்.

மென்பொருள் புதுப்பிப்பு வந்தால், வெளியீட்டுக் குறிப்பை முழுவதும் படித்து, ட்ரோனையும் ரிமோட்டையும் ஒவ்வொரு பேட்டரியையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்த பின், திறந்தவெளியில் தாழ்வாகச் சிறிது நேரம் மிதக்கவிட்டுச் சோதியுங்கள்.