மொரீஷியஸில் கணக்கு வேலையிலிருந்து ஐ.டி.க்கு: பேங்க் ரெகன்சிலியேஷனில் தொடங்குங்கள்

போர்ட் லூயிஸிலோ எபேனிலோ கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் ஐ.டி.க்குப் போக நினைத்தால் முதலில் கேட்பது, "எந்த கோர்ஸ் சேரலாம்?" என்பதுதான். கோர்ஸை அப்புறம் பார்க்கலாம். கணக்கைத் தலைமுழுகிவிட்டு இருபது வயதுப் பையனோடு புரோகிராமிங்கில் போட்டி போட வேண்டியதில்லை. கணக்கையும் கூட்டிக்கொண்டே ஐ.டி.க்குள் போகலாம். புது மென்பொருள் போட்ட எந்த அலுவலகத்திலும் விசாரித்துப் பாருங்கள், நிரல் எழுதுபவருக்குப் பற்று வரவைப் புரியவைக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்று சொல்வார்கள். உங்களுக்கு அந்தப் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

படி 1: எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

கணக்குத் தெரிந்தவருக்கு எளிதாகத் திறப்பவை மூன்று. ஒன்று, ஈ.ஆர்.பி. ஆலோசகர்: எஸ்.ஏ.பி., ஓடூ, டைனமிக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவனத்தின் கணக்கு முறைக்கு ஏற்ப அமைத்துத் தருபவர். இரண்டு, டேட்டா அனலிஸ்ட்: தரவை அலசி விடை சொல்பவர். மூன்று, ஐ.டி. ஆடிட்: நிறுவனத்தின் கணினி முறைகளைத் தணிக்கை செய்வது. ஆடிட் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவதுதான் மிகக் கிட்டம். அதற்கான சிசா (CISA) சான்றிதழ்த் தேர்வை முதலில் எழுதிவிட்டு, சான்றிதழுக்குத் தேவையான ஐந்தாண்டு அனுபவத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். படிப்பையும் பழைய அனுபவத்தையும் காட்டி அதில் சில ஆண்டுகளைக் குறைக்கவும் வழி உண்டு.

கணக்காளர் தகுதித் தேர்வான ஏ.சி.சி.ஏ.வில் இரண்டு மூன்று தாள்தான் பாக்கி என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். பாதியில் விடாதீர்கள்.

படி 2: மாதாந்திர ரெகன்சிலியேஷனை பவர் குவெரிக்கு மாற்றுங்கள்

ரெகன்சிலியேஷன் என்பது ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது. கோப்புகளை ஏற்றித் திருத்தி இணைக்கும் கருவியான பவர் குவெரி எக்செல் 2016 முதல் உள்ளேயே வருகிறது, தனியாக வாங்க வேண்டாம். வங்கி அறிக்கையை சி.எஸ்.வி. கோப்பாக இறக்குங்கள். ரொக்க ஏட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எக்செலில் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல் என்று போய் இரண்டையும் ஏற்றி, டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவை அழுத்துங்கள்.

முதல் கண்ணி தேதியில் இருக்கிறது. நாம் முதலில் நாள், பிறகு மாதம் என்று எழுதுகிறோம். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/03 என்பதை மே 3 என்று படிக்கும். 13/03 வந்தால் பிழை காட்டும், அதனால் தெரிந்துவிடும். 05/03 சத்தமில்லாமல் மாறிவிடும், அதுதான் ஆபத்து. அடுத்தது தொகை. ரீயூனியனில் இருந்து வரும் சப்ளையர் பட்டியலில் 1 234,50 என்று பிரெஞ்சு முறையில் இருக்கும், அதை எக்செல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பத்தித் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, சேஞ்ச் டைப், அதன் கீழே யூஸிங் லோக்கேல். அந்தப் பத்தி எந்த நாட்டு வழக்கத்தில் எழுதப்பட்டதோ அந்த நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு தொகையை ஒரே பத்தியாக்குங்கள்: வரவானால் கூட்டல், செலவானால் கழித்தல். வங்கியின் கிரெடிட் நம் ஏட்டில் டெபிட் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இரண்டு பட்டியலையும் இணைக்கும் மெர்ஜ் குவெரீஸ். மேலே ரொக்க ஏடு, கீழே வங்கி. கண்ட்ரோலை அழுத்திப் பிடித்துக் குறிப்பு எண், தொகை இரண்டையும் ஒரே வரிசையில் தேர்ந்தெடுங்கள். இணைப்பு வகையில் லெஃப்ட் ஆன்ட்டி. ஏட்டில் இருந்து வங்கியில் இல்லாதவை மட்டும் வந்து நிற்கும்: இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள், வரவு வைக்கப்படாத பணம். மேலும் கீழுமாக மாற்றி இன்னொரு முறை செய்தால் வங்கிக் கட்டணமும் நிலையாணைகளும் வெளியே வரும்.

இதோடு நிறுத்தினால் ஒரு விஷயம் தப்பிவிடும். ஒரே காசோலையை யாராவது ஏட்டில் இருமுறை பதிந்திருந்தால், இரண்டு வரியும் வங்கியின் ஒரே வரியோடு பொருந்திவிடும், லெஃப்ட் ஆன்ட்டி அதைக் காட்டாது. ஆகவே ஒரே மாதிரி வரிகளைத் திரட்டும் குரூப் பை போட்டு, குறிப்பு எண்ணும் தொகையும் ஒன்றுக்கு மேல் வருகிறதா என்று எண்ணுங்கள். எம்.சி.பி. வங்கியின் ஜூஸ் கைபேசிச் செயலி வழியாக வாடிக்கையாளர் அனுப்பும் பணத்தில், இன்வாய்ஸ் எண்ணை அவர் எழுதியிருந்தால்தான் உண்டு. அவற்றைக் கையால்தான் பொருத்த வேண்டும், அதில் வெட்கமில்லை.

கடைசியில் பழைய கணக்கு: வங்கி இருப்பில் வராத காசோலைகளைக் கழித்து, வரவாகாத பணத்தைக் கூட்டினால், திருத்திய ஏட்டு இருப்பு வர வேண்டும். ஒரு சதம் இடித்தாலும் மேலே போகாதீர்கள். அடுத்த மாதம் அதே பெயரில் புதுக் கோப்பை வைத்து ரிஃப்ரெஷ் அழுத்தினால் போதும்.

படி 3: அதே வேலை, எஸ்.க்யூ.எல்.லில்

எஸ்.க்யூ.எல். என்பது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. இலவசத் தரவுத்தளமான எஸ்க்யூலைட்டையும் அதைத் திறந்து பார்க்க டிபி பிரவுசரையும் இறக்குங்கள். படி 2இல் சரிசெய்த அதே இரண்டு பட்டியலையும் சி.எஸ்.வி.யாகச் சேமித்து, இரண்டு டேபிளாக ஏற்றுங்கள். ஏட்டின் எல்லா வரியையும் வைத்துக்கொண்டு வங்கியைப் பொருத்தும் லெஃப்ட் ஜாயின் போட்டு, வங்கிப் பக்கம் நல் ஆக, அதாவது மதிப்பே இல்லாமல், இருக்கும் வரிகளைக் கேளுங்கள். பவர் குவெரியில் கிடைத்த விடையேதான் வரும். விடை முன்பே தெரிந்த கேள்வியைப் புது மொழியில் கேட்பதால், தவறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

அப்புறம் இன்னொன்று: குறிப்பேட்டுப் பதிவுகளை வவுச்சர் எண்ணால் குரூப் பை செய்து, பற்றின் கூட்டலும் வரவின் கூட்டலும் சமமில்லாதவற்றை ஹேவிங் கொண்டு வடிகட்டுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. நல் என்பது பூஜ்யம் அல்ல. நூறோடு நல்லைக் கூட்டினால் நல்தான் வரும், அதை முதலில் கோஅலெஸ் கொண்டு பூஜ்யமாக்குங்கள். இரண்டாவது, ஒரே குறிப்பு எண் இரு பக்கமும் இரண்டிரண்டு முறை இருந்தால் ஜாயின் நான்கு வரி தரும், கூட்டுத்தொகை ஊதிவிடும். ஜாயினுக்கு முன்னும் பின்னும் கண்ட்ரோல் டோட்டல், அதாவது சரிபார்ப்புக் கூட்டுத்தொகை, பார்ப்பது உங்களுக்குக் கைவந்த பழக்கம். புதிதாக வருகிற புரோகிராமர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியிருக்கும்.

படி 4: பைதான், கொஞ்சமாக

பைதான் ஒரு புரோகிராமிங் மொழி. கோப்புகளைச் சேர்ப்பது, பெயர் மாற்றுவது, மாதாந்திர அறிக்கை தயாரிப்பது. இந்த அளவு போதும். ஆனால் பைதானில் 0.1 + 0.2 என்று போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 வரும். பணத்துக்கு டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள், அல்லது எல்லாவற்றையும் சதத்தில் முழு எண்ணாக வையுங்கள்.

படி 5: காட்டுவதற்கு ஒன்று செய்யுங்கள்

அலுவலகத்தின் உண்மைத் தரவை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, போதாததற்கு உங்கள் ஒப்பந்தமும் இருக்கிறது. ஒரு கற்பனைக் கடைக்கு ஓராண்டு பில்களை நீங்களே உருவாக்கி, 15 சதவீத வாட் கணக்கைச் சரிபார்க்கும் ஒரு சிறு கருவி செய்யுங்கள். வரி உட்பட்ட விலையில் வாட் என்பது 15/115 பங்கு. 15 சதவீதம் என்று நேரடியாகப் பெருக்கிய பில்களை அது பிடிக்க வேண்டும். வரித் துறையான எம்.ஆர்.ஏ. மின் இன்வாய்ஸ் முறையைப் பெரிய நிறுவனங்களில் தொடங்கிக் கொண்டுவருவதால், பில் தரவை முன்கூட்டியே சோதிக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். செய்ததை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டு, என்ன பிரச்சினை, எப்படிச் சோதித்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

படி 6: உள்ளேயே கேளுங்கள், பிறகு வெளியே

உங்கள் அலுவலகத்தில் புதுக் கணக்கு மென்பொருள் வரப்போகிறது என்றால், சோதனைக் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி மேலாளரிடம் கேளுங்கள். பழைய இருப்புகளைப் புதியதற்கு மாற்றி, இருப்பாய்வு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலை யாருக்கும் பிடிக்காது, வாங்கிக்கொள்ளுங்கள். சி.வி.யில் எந்தச் சான்றிதழையும்விட அந்த ஒரு வரி கனமாக நிற்கும்.

வெளியே தேடினால் ஐ.டி. நிறுவனங்கள் கூடியிருக்கும் எபேனில் தொடங்குங்கள். ரோஸ் ஹில்லில் இருந்து ரெடுய் போகும் மெட்ரோ அந்த வழியாகத்தான் போகிறது. நேர்முகத்தில் கேள்வி ஆங்கிலத்தில் தொடங்கிப் பிரெஞ்சுக்குத் தாவலாம், இரண்டிலும் உங்கள் கருவியை விளக்கிப் பழகுங்கள்.

ஜூனில் ஆண்டு முடிக்கும் நிறுவனங்களுக்கு வருமான வரிக் கணக்கு டிசம்பரில் போக வேண்டும், அதனால் ஆண்டுக் கடைசியில் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்களுக்கு அதற்கடுத்த வாரங்களும் அப்படித்தான். படிப்பை மார்ச்சில் தொடங்கினால் ஆண்டு நடுவில் ஒரு கருவியாவது கையில் இருக்கும். வேலையை விடுவதற்கு முன் நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள்: 2019 தொழிலாளர் உரிமைச் சட்டப்படி குறைந்தது 30 நாள், உங்கள் ஒப்பந்தத்தில் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். புது வேலைக் கடிதத்தில் கையெழுத்தான பிறகே ராஜினாமாவைக் கொடுங்கள்.