அடைமழை ஓய்ந்தபின் பொம்மை ரயிலை ஓட வைக்க

ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பெட்டியில் கிடந்த ரயிலைத் தை மாதம் எடுத்தால் அரை வட்டம் ஓடி நின்றுவிடும். உடனே மோட்டாரைக் கழற்றாதீர்கள். டெல்டா ஈரத்தில், அதிலும் நாகப்பட்டினம், காரைக்கால் உப்புக்காற்றில், முதலில் கெடுவது இன்ஜினுக்குக் கரண்ட் கொண்டுபோகும் தண்டவாளத்தின் மேல்முகம்தான்.

மஞ்சளாக இருந்தால் அது பித்தளை. அதில் படியும் களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. நிக்கல் சில்வர் (பேரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்) இவ்வளவு படுத்தாது. பழைய வேட்டித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் அந்த நிமிஷம் பளபளக்கும். அடுத்த மாதம் கீறல் ஒவ்வொன்றிலும் அழுக்கு குடியேறும். துடைத்தது நன்றாகக் காய்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள். ஆல்கஹால் ஆவியில் சக்கரப் பொறி பட்டால் குப்பென்று பற்றும்.

இன்ஜினைக் கவிழ்த்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் சக்கரத்தைச் சுற்றித் துடையுங்கள். அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் நிற்கிற அளவு. தேங்காய் எண்ணெய் ஆகவே ஆகாது: மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற மாதிரியே பல்சக்கரத்திலும் உறையும், நாளாக ஆகப் பிசினாகும். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ் பக்கம் எண்ணெயே போகக் கூடாது.

அப்படியும் வளைவில் தடம் புரண்டால் வளைவை அளந்து பாருங்கள். ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயில் கம்பெனியின் முதல் வளைவு 371 மி.மீ. ஆரம், நீளப் பெட்டிகளுக்கு 438 மி.மீ. வேண்டும். நாலடி அகலப் பிளைவுட்டில் அது தாராளமாக அடங்கும். சித்திரை வெயிலில் தண்டவாளக் கம்பி நீளும், ஆகவே இணைப்புகளில் அரை மி.மீ. இடைவெளி விட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் தனி வயர் கொடுத்துவிடுங்கள்.

லயனல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய செட் வாங்கினால் அதன் டிரான்ஸ்பார்மரை நேரே சுவரில் செருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது, நம் 230-ல் கருகும். வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் வைத்தாலும் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது 50-ல் சூடாகும். தொட்டுத் தொட்டுப் பாருங்கள். இன்ஜினின் வார்ப்பு உடலில் மயிரிழை வெடிப்போ உப்பலோ தெரிந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடலாம். துத்தநாகத்தில் கலந்த ஈயத்தால் வரும் நோய் அது, மருந்தில்லை; ஈரம் அதை இன்னும் முடுக்கும்.

எடுத்து வைக்கும்போது பஞ்சு ஃபோமில் சுற்றாதீர்கள், உதிர்ந்து பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல மணி வெளுத்து ரோஸானால் ஈரம் குடித்துவிட்டது. சூடாக்கி உலர்த்தினால் திரும்ப நீலமாகும். சமையல் வாணலியில் மட்டும் வேண்டாம், அந்த நீலம் கோபால்ட் உப்பு.