மூன்று குரல், ஒரு கிதார்: குடும்பமாகச் சேர்ந்து கன்ட்ரி காஸ்பல் பாடுவது எப்படி

1927 ஆகஸ்ட் தொடக்கத்தில், அமெரிக்காவின் டென்னசி–வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊரில், விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் பதிவு நடத்திக்கொண்டிருந்தார். அங்கே பாட வந்த கார்ட்டர் குடும்பத்தில் மூன்று பேர்: ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். சாராவும் மேபெலும் ஓரகத்திகள். பிறந்த வீட்டு வழியிலும் இருவருக்கும் உறவு உண்டு. அமெரிக்க நாட்டுப்புறத்தில் வளர்ந்த கன்ட்ரி இசையில் குடும்பமும், காஸ்பல் என்ற கிறிஸ்தவப் பாடல்களின் பக்தியும் இவ்வளவு பின்னிக் கிடப்பதற்கு இந்த மூவர் ஒரு பெரிய காரணம். ஏ.பி.யும் சாராவும் மணமுறிவுக்குப் பிறகும் சில ஆண்டுகள் சேர்ந்தே பாடினார்கள். அவர்கள் பாணியை வீட்டில் கொண்டுவர மூன்று குரலும் ஒரு ஸ்டீல் கம்பி கிதாரும் போதும்.

பழகுவதற்கு ‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டு நல்ல தேர்வு. எல்லோர் காதிலும் விழுந்த மெட்டு. ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், மோகனம் கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும்.

முதலில் சுருதி

கிதார்காரருக்கு எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வசதி என்று பார்த்துச் சுருதி வைப்பதால்தான் வீட்டுப் பாட்டு பெரும்பாலும் கெட்டுப்போகிறது. முதன்மைக் குரல் யாருடையதோ அவருக்கு ஏற்ற சுருதியை முதலில் முடிவு செய்யுங்கள். மெட்டு கீழ் ‘ப’வில் தொடங்கி மேலே அடுத்த ‘ப’ வரை, சரியாக ஒரு ஸ்தாயி போகிறது. அந்த இரண்டு எல்லைகளையும் அவரைப் பாடச் சொல்லுங்கள். கீழ்ச்சுரம் வெறும் காற்றாக வந்தால் சுருதியை ஏற்றுங்கள். மேல்சுரத்தில் தொண்டை இறுகினால் இறக்குங்கள். மேலே துணைக்குரல் பாடுபவர் முதன்மைக் குரலின் உச்சத்துக்கும் மேலே, மேல் ‘ச’ வரை போகவேண்டும். அவரையும் சோதித்துவிட்டுத்தான் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி) பூட்டவேண்டும்.

கிதாரில் சி கார்டு வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பெண் குரலுக்குக் கேப்போ இல்லாமலோ மூன்றாம் ஃபிரெட்டுக்குள்ளோ (ஃபிரெட் என்பது கிதார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) சரியாக வரும். ஆண் குரலுக்குப் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்தாம் ஃபிரெட். சாராவின் குரல் தாழ்ந்தது. அதனால் மேபெல் பல பதிவுகளில் கம்பிகளையே தளர்த்தி, கிதாரைத் தாழ்ந்த சுருதியில் வைத்து வாசித்தார். உங்கள் வீட்டுக் குரலும் அப்படி இருந்தால் ஆறு கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் (இரண்டு ஃபிரெட் அளவு) இறக்கிவிடலாம். அதற்கு மேல் இறக்கினால் மெல்லிய கம்பிகள் அதிரும்போது ஃபிரெட்டில் இடிக்கும். தடித்த கம்பி மாற்றவேண்டி வரும்.

கட்டைவிரல் பாடவேண்டும்

மேபெலின் முறைக்குக் கார்ட்டர் ஸ்கிராட்ச் என்று பெயர். கட்டைவிரல் கீழ்ச்சுரக் கம்பிகளில் மெட்டை வாசிக்கும். ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் காக்கும். ஒரே கிதார் பாட்டையும் தாளத்தையும் சேர்த்துச் சுமப்பது இப்படித்தான். அவர் கையில் இருந்தது கிப்சன் கம்பெனியின் 1928 எல்-5 கிதார். உங்களுக்குச் சாதாரண ஸ்டீல் கம்பி கிதாரே போதும், ஆனால் கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக் தம்ப் பிக் (கட்டைவிரலில் மாட்டி மீட்டும் வளையம்) அவசியம். அது இறுக்கமாக இருந்தால் சூடான தண்ணீரில் சில விநாடி முக்கி மெதுவாக விரித்துக்கொள்ளலாம். தளர்வாக இருந்தால் சின்ன அளவு வாங்குங்கள், ஏனென்றால் விரலில் சுற்றும் பிக்கோடு மெட்டு வாசிக்க முடியாது.

பாட்டு மூன்று எண்ணிக்கைத் தாளம். ‘அ’ என்ற எடுப்பு ஆறாம் கம்பி (தடித்த கம்பி) மூன்றாம் ஃபிரெட். முதல் பார் (மூன்று எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) தொடங்குவது ‘மே’யில்: ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டைக் கட்டைவிரல் அடிக்க, இரண்டாம் எண்ணிக்கையில் ஆள்காட்டி விரல் கீழ்நோக்கி வருடும். மூன்றாவதில் ‘சிங்’: நான்காம் கம்பி இரண்டாம் ஃபிரெட், உடனே ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட், அரை அரை எண்ணிக்கை. அடுத்த பாரில் ‘கிரேஸ்’ நான்காம் கம்பி இரண்டாம் ஃபிரெட், ஒரு வருடல், பிறகு ‘ஹௌ’வுக்கு அதே கம்பி அழுத்தாமல். மூன்றாம் பாரில் எஃப் கார்டு. ‘ஸ்வீட்’ ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட். மோதிர விரலை மட்டும் தூக்கினால் அடுத்த சுரமான ‘த’ கிடைத்துவிடும். ‘சவுண்ட்’ வரும்போது சி கார்டில் மோதிர விரல் ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டுக்கு நகரும். சுரம் நீளும் பார்களில் ஒரு கட்டைவிரல் அடி, இரண்டு வருடல்.

பதினாறு பாருக்குக் கார்டு இதுதான்:

சி, சி, எஃப், சி
சி, சி, ஜி, ஜி
சி, சி, எஃப், சி
சி, ஜி, சி, சி

ஏழாம் பாரில் மெட்டு மூன்றாம் கம்பிக்கு ஏறிவிடும், அழுத்தாமல் அடிக்கவேண்டும். அங்கே வருடல் முதல் இரண்டு கம்பிகளோடு நிற்கட்டும். மற்ற இடங்களில் முதல் மூன்று கம்பிகள். ஆறு கம்பியையும் சேர்த்து வருடினால் மெட்டு மூழ்கிவிடும். புதிதாகப் பழகுபவர்களிடம் இந்தக் கோளாறுதான் அதிகம். இடக்கையால் கம்பிகளை லேசாகத் தொட்டு ஒலியை அடைத்துவிட்டு, வலக்கை மட்டும் நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வேகத்தில் பழகுங்கள். கட்டைவிரல் அடி தனியாகத் துருத்திக் கேட்டால் சரி. நீளும் ஏழு, எட்டாம் பார்களில் வேகம் தானாகக் கூடிவிடும்; அந்த இடத்தில் வாய்விட்டு எண்ணுங்கள்.

குரல்களைப் பிரிப்பது

முதன்மைக் குரல் மெட்டைப் பாடும். மேல்குரல், கீழ்க்குரல் இரண்டும் அந்தந்தக் கார்டுக்குள் இருக்கும் சுரத்தையே எடுக்கவேண்டும். சி கார்டில் மெட்டு ‘ச’ என்றால் மேலே ‘க’, கீழே ‘ப’. மெட்டு ‘க’ என்றால் மேலே ‘ப’, கீழே ‘ச’. மெட்டு ‘ப’ என்றால் மேலே ‘ச’, கீழே ‘க’. எஃப் கார்டில் மெட்டு ‘ச’வில் இருக்கையில் மேலே ‘ம’, கீழே ‘த’. மெட்டு ‘த’வுக்கு வந்ததும் மேலே ‘ச’, கீழே ‘ம’. ஜி கார்டில் மெட்டின் ‘ப’வுக்கு மேலே ‘நி’, கீழே ‘ரி’. மெட்டு ‘ரி’யைத் தொடும் இடங்களில் மேலே ‘ப’, கீழே ‘நி’. மெட்டு மோகனத்தில் நின்றாலும் துணைக்குரல்களுக்கு ‘ம’வும் ‘நி’யும் வேண்டியிருப்பதைக் கவனியுங்கள்.

மேல்குரல் பாடுபவர் நாலு வரிக்குள் மெட்டுக்கே வழுக்கிவிடுவார். அவரைக் குறை சொல்லவேண்டாம், காது பழகியது மெட்டைத்தான். அவர் பகுதியைத் தனியாக, சொற்கள் இல்லாமல் ‘லா’ என்று மனப்பாடம் ஆகும்வரை பாடவைத்து, பிறகு முதன்மைக் குரலை மிக மெல்லச் சேருங்கள். பக்கத்தில் உட்காராமல் எதிரெதிரே உட்கார்ந்தால் இன்னும் எளிது. கீழ்க்குரல் முழுப் பாட்டும் பாடவேண்டும் என்றில்லை. ஏ.பி. தோன்றிய இடத்தில் சேர்வார், விட்டுவிடுவார். அந்தப் பதிவுகளின் உயிரே அதில்தான் இருக்கிறது. வீட்டில் கூச்சப்படும் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லில் மட்டும் சேரச் சொல்லுங்கள்.

சொற்கள்

பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்தவர். மனம் திரும்பிய பிறகும் சில ஆண்டுகள் அந்தத் தொழிலை விடவில்லை. பிறகு போதகராகி எழுதிய இந்தப் பாட்டு 1779-ல் அச்சானது. அடிமை வணிகத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788-ல்தான். இப்போது நாம் பாடும் மெட்டோடு இந்தச் சொற்களைச் சேர்த்தது 1835-ல் வில்லியம் வாக்கர். இதைப் பாட்டுப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். யாருடைய வாக்குமூலம் என்று தெரிந்தால் ‘ரெச்’ (இழிந்தவன்) என்ற சொல்லை முழுங்காமல் பாடுவார்கள். சுரத்தை இழைக்கவேண்டாம், கமகம் வேண்டாம். சாரா கதை சொல்வதுபோல நேராகப் பாடுவார், சோகத்தைத் தனியாகப் பூச மாட்டார். நம்பிக்கை சொல்லில் இருக்கிறது. அது தெளிவாகக் கேட்டால் போதும்.

நியூட்டன் எழுதியது ஆறு சரணம். மூன்றைத் தேர்ந்தெடுங்கள், ஆளுக்கு ஒன்றாக முதன்மைக் குரலை மாற்றிக்கொள்ளுங்கள். ‘பத்தாயிரம் ஆண்டுகள்’ என்று வரும் கடைசிச் சரணம் அவருடையது அல்ல, பின்னால் ஒட்டிக்கொண்டது. பாடலாம், தவறில்லை.

துக்க வீட்டில் பாடுவதாக இருந்தால் கேப்போவை வழக்கத்தைவிட இரண்டு ஃபிரெட் இறக்குங்கள். அழுகை அடைத்த தொண்டை மேலே ஏறாது. முதன்மைக் குரல் நடுவில் உடைந்தால் யார் மெட்டை எடுப்பது என்று முன்பே பேசி வையுங்கள். கீழ்க்குரல்காரர் எடுப்பது நல்லது, மேல்குரலை அசைத்தால் இரண்டு பகுதியும் போய்விடும். யாருமே பாடாவிட்டாலும் கிதார் நிற்கக்கூடாது. கட்டைவிரல் மெட்டை வாசித்துக்கொண்டே போனால், விட்ட வரியை அவர்களே வந்து பிடித்துக்கொள்வார்கள்.