மனசு வராத நாளில் வீட்டு வேலையும் காகித வேலையும்: 60 தாண்டியவர்களுக்கு ஒரு செய்முறை

டிவி மேசை மேல் பிரிக்காத தபால் உறைகள். ஃபிரிட்ஜ் மேல் கட்டவேண்டிய பில். துவைத்துக் காய்ந்த துணி மூன்று நாளாய் நாற்காலியில் கிடக்கிறது. இந்த வீட்டுக்காரர் சேலம் ஸ்டீல் பிளான்ட்டில் முப்பது வருஷம் ஷிஃப்ட் தவறாமல் போனவராக இருப்பார், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிக் குடும்பத்தை நிமிர்த்திய அம்மாவாக இருப்பார். வேலை தெரியாதவர்கள் இல்லை. இப்போது ஆரம்பிக்கத்தான் முடியவில்லை.

பிள்ளைகள் இதைச் சோம்பல் என்கிறார்கள். அது தவறு. ஒரு வேலையைத் திட்டமிட்டுத் தொடங்கிவைப்பது மூளையின் முன்பகுதியின் பொறுப்பு; வயதாக ஆக அது கொஞ்சம் மெதுவாகும். இன்னொரு காரணம் பெரியது. வேலைக்குப் போன காலத்தில் நம்மை எழுப்பிவிட வெளியில் ஏதாவது இருந்தது: ஷிஃப்ட் நேரம், மேலதிகாரி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. ஓய்வுக்குப் பிறகு எல்லாமே "எப்ப வேணா செய்யலாம்" என்று ஆகிவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற வேலை எப்போதும் நடப்பதில்லை.

மனசு வந்ததும் செய்வோம் என்று உட்கார்ந்திருந்தால் மனசு வராது. கை வேலையில் பட்டபிறகுதான் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள்: முதலில் சின்னதாக ஒரு செயல், பிறகு அதிலிருந்து ஊக்கம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: முதலில் உடம்பைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு, இவை எல்லாமே "எதிலும் நாட்டமில்லை" என்ற வடிவில் வெளியே தெரியலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு சோடியம் இறங்கலாம். தூக்க மாத்திரை மறுநாளும் ஆளை மந்தமாக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), பி12, சோடியம், சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) என்று கேட்டு ரத்தப் பரிசோதனை எழுதி வாங்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவ வெளிநோயாளிகள் பிரிவிலிருந்து தொடங்கலாம்.

கண்ணும் காதும் இதில் சேரும். கண்புரை முற்றியவருக்குப் படிவத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். காது மந்தமானவர் பேங்க் கவுன்டருக்குப் போகக் கூச்சப்படுவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே "அக்கறை இல்லை" என்றுதான் தெரியும்.

படி 2: காகிதம் எல்லாம் ஒரே இடத்துக்கு

ஒரு அட்டைப் பெட்டி போதும். மெத்தைக்கு அடியில், சாமி அலமாரியில், பழைய டைரிக்குள், மஞ்சள் பைக்குள் இருக்கும் காகிதம் அத்தனையும் அதில் போடுங்கள். முதல் நாள் வேலை இவ்வளவுதான். பிரிக்க வேண்டாம், படிக்கவும் வேண்டாம். சேர்க்கும்போதே பிரிக்க ஆரம்பித்தால் 1994-ம் வருஷத்துக் கல்யாணப் பத்திரிகையில் நின்றுவிடுவோம்.

அடுத்த முறை உட்காரும்போது செல்போனில் 20 நிமிடம் அலாரம் வைத்துக்கொண்டு மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தேதி உள்ளது, பத்திரப்படுத்த வேண்டியது, கிழிக்க வேண்டியது. எதில் சேர்ப்பது என்று பத்து விநாடிக்கு மேல் யோசிக்க வேண்டியிருந்தால் அது பத்திரப்படுத்தும் குவியலுக்குப் போகட்டும். அலாரம் அடித்ததும் பாதியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கும். அடுத்த வாரம் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே ஒதுங்கத் தோன்றும்.

வழவழப்பான தாளில் மெஷினில் அடித்துத் தரும் ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். முக்கியமானதை உடனே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியோடு வரும் ஈரத்தில், பிளாஸ்டிக் கவரில் இறுக்கி மூடிய பத்திரங்கள் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். கனமான காகித உறையில் போட்டு, சுவரோடு ஒட்டாத அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் அலமாரியைத் திறந்து காற்றாட விடுங்கள். அசல் பத்திரங்களை லேமினேஷன் செய்ய வேண்டாம். பின்னால் முத்திரையைச் சரிபார்க்கவோ, மேலே குறிப்பு எழுதவோ முடியாமல் போகும்.

படி 3: தேதிகளைச் சுவரில் ஏற்றுங்கள்

மனசுக்குள் வைத்திருக்கும் தேதி மறக்காவிட்டாலும் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தலே பாதி அலுப்பு. பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை வாங்கி, சிவப்புப் பேனாவால் இவற்றை மட்டும் எழுதுங்கள்.

கரண்ட் பில்: மீட்டர் கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கடைசி நாளை எழுதாதீர்கள், பத்தாவது நாளை எழுதுங்கள்.

சொத்து வரி: மாநகராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், அதாவது அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு; அதிகபட்சம் 5,000 ரூபாய்.

உயிர்வாழ் சான்று: மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்களுக்கு நவம்பர். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். இபிஎஃப் (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) ஓய்வூதியம் வாங்குபவர்கள் எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு வருஷாவருஷம் அவர்கள் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல்.

பேங்க் டெபாசிட் வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க, வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர்கள் தரும் உறுதிமொழிப் படிவம் (பலரும் 15எச் என்று சொல்வது): ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகத் தரவேண்டும். போன வருஷம் கொடுத்தது இந்த வருஷத்துக்குச் செல்லாது.

படி 4: வாரத்தில் ஒரு அரைமணி

புதன்கிழமை காலை 10 முதல் 10.30 வரை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் மனசில் ஏற்கெனவே இருக்கிற நாள். எமகண்டம் 9 மணிக்கே முடிந்திருக்கும், ராகு காலம் 12 மணிக்குத்தான். "இன்னிக்கு நாள் சரியில்லை" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. சித்திரை வெயிலில் சேலத்தில் இருப்பவர்கள் 8 மணிக்கு முன்பே முடிக்கலாம். மலையில் மார்கழிக் குளிரில் பனி விலகி வெயில் வந்தபிறகு, 11 மணிவாக்கில் உட்காரலாம். எந்த நேரமானாலும் சரி, வாராவாரம் அதே நேரமாக இருக்கட்டும்.

மேசையில் இவை எப்போதும் இருக்க வேண்டும்: பேனா இரண்டு, மூக்குக் கண்ணாடி, ஸ்டேப்ளர், ஆதார் ஜெராக்ஸ் ஐந்து, பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு, கோடு போட்ட நோட்டு ஒன்று. ஆரம்பிக்க முடியாமல் போவதில் பெரும்பங்கு பேனா தேடுவதிலும் கண்ணாடி தேடுவதிலும்தான் போகிறது. காபியை முன்னால் குடிக்காமல் வேலை முடிந்த பிறகு குடியுங்கள்.

படி 5: வேலையை முதல் அசைவு வரை நறுக்குங்கள்

"உயிர்வாழ் சான்று கொடுக்கணும்" என்று நோட்டில் எழுதினால் அது நடக்காது. அதற்குள் ஏழெட்டு வேலை ஒளிந்திருக்கிறது. இப்படி எழுதுங்கள்: முதல் புதன், பென்ஷன் புத்தகத்தை எடுத்து பிபிஓ எண்ணை (ஓய்வூதிய ஆணை எண்) நோட்டில் எழுதுவது. அவ்வளவுதான், மூடிவிடலாம். இரண்டாம் புதன், ஆதாரில் எந்தச் செல்போன் எண் இருக்கிறது என்று பார்ப்பது. பலருக்கு அது என்றோ தூக்கிப்போட்ட சிம்மாக இருக்கும். அப்படியென்றால் ஆதார் மையத்தில் எண்ணை மாற்ற வேண்டும். மூன்றாம் புதன்தான் சான்று.

சான்றை வீட்டிலிருந்தே கொடுக்க இரண்டு வழி. ஒன்று, தபால்காரரைக் கூப்பிடுவது. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார். கட்டணம் 70 ரூபாய். காப்பித் தோட்டங்களுக்குள் வீடு இருப்பவர்களுக்கு இதுதான் நல்லது. இன்னொன்று, ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டுவது. ஜீவன் பிரமாண் செயலி, ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலி, இரண்டையும் ஏற்ற வேண்டும். முதலில் ஆபரேட்டர் என்று ஒருவர் முகத்தைப் பதியச் சொல்லும். மகனோ மகளோ இருக்கலாம், ஓய்வூதியரே இருக்கலாம். பிறகு ஓய்வூதியர் விவரம், பிபிஓ எண், வங்கிக் கணக்கு, கடைசியாக முகம்.

எங்கே சிக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். கைரேகை பதியாமல் போவது சகஜம். வயதில் ரேகை தேயும், தறியிலும் தோட்டத்திலும் உழைத்த விரலில் இன்னும் தேய்ந்திருக்கும். ஈரத்துணியில் விரலைத் துடைத்து மற்ற விரல்களை வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் முகம். முகம் பதியாவிட்டால் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைச் சிமிட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும். பென்ஷன் அனுமதித்த அலுவலகம், பென்ஷன் வழங்கும் அலுவலகம் என்ற இரண்டு கட்டங்களில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சான்று உருவாகியும் நிராகரிக்கப்படும். அதனால் எஸ்எம்எஸ் வந்ததும் முடிந்தது என்று விடாமல், அடுத்த புதன் பென்ஷன் வழங்கும் வங்கியிலோ அலுவலகத்திலோ பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள்.

70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. கிளையில் கேட்டுப் பெறுவதில் வெட்கமே வேண்டாம்.

படி 6: வீட்டு வேலையைக் குறையுங்கள், பிறகு செய்யுங்கள்

நாலு பேருக்கு ஓடிய வீட்டை ஒருவரோ இருவரோ அதே அளவில் ஓட்டப் பார்ப்பதுதான் பாதிப் பிரச்சினை. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு குக்கர், ஒரு வாணலி வெளியே இருக்கட்டும். மற்ற பாத்திரம் பரணுக்குப் போகட்டும். கழுவ இரண்டே தட்டு இருந்தால் தொட்டியில் குவிய வழியில்லை. காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்து. பெருக்குவது ஒரு நாளைக்கு ஒரு அறை. பால் காயும் நேரத்தில் மேடையைத் துடைப்பது என்று, ஏற்கெனவே நடக்கிற வேலையோடு புதியதை முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

படி 7: கூட ஒரு ஆள்

பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை ஓடும். பெங்களூரில் இருக்கும் மகள் புதன் 10 மணிக்கு வீடியோ காலில் வந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பிள்ளைகள் சொல்லும் விதம் முக்கியம். "என்னம்மா, இன்னுமா கட்டலை?" என்ற கேள்விக்கு வரும் பதில் "கட்டிக்கலாம் விடு" என்பதுதான். "அம்மா, பத்து மணிக்குக் கூப்புடுறேன், ஈபி கார்டை மட்டும் எடுத்து வெச்சிருங்க" என்றால் கார்டு மேசைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் பிடுங்கித் தாங்களே செய்துவிடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: கையெழுத்தும் கடைசிப் பொத்தானும் பெற்றோருடையதாக இருக்கட்டும். கையிலிருந்து போன வேலை திரும்பி வருவது கடினம்.

துணையை இழந்தவர்களிடம் இன்னும் பொறுமை வேண்டும். காகிதம் எல்லாம் அவர் பார்த்தார், அடுப்படி எல்லாம் இவர் பார்த்தார் என்று பிரித்து வாழ்ந்த வீட்டில், மிஞ்சியவர் பாதி வேலைக்குப் புதியவர். இறப்புச் சான்று நகல்கள் முதலில், குடும்ப ஓய்வூதியம் அடுத்து, வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம். கரண்ட் இணைப்பு, வரி ரசீது பெயர் மாற்றமெல்லாம் பொறுத்துச் செய்யலாம்.

"இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வரும் செய்தியிலுள்ள எண்ணுக்கு யாரும் பேச வேண்டாம். கட்டாத பில் பற்றிய பயத்தை வைத்துத்தான் அந்த மோசடி நடக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

ஒரு வாரம் தவறினால்

அடுத்த புதன் வழக்கமான அரைமணி மட்டும். விட்டதையும் சேர்த்து ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். அப்படித்தான் முழுசாக நின்றுபோகிறது. மூன்று வாரம் தொடர்ந்து தவறினால் நோட்டில் எழுதிய வேலை பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் நறுக்குங்கள்.

எப்போது டாக்டரிடம்

பேத்தி வந்தாலும் முகம் மலராமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் பேச்சும் நன்றாகவே உதவும். வருத்தம் எதுவும் இல்லாமல், குளிக்கவும் சாப்பிடவும்கூட ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரே பில்லை இரண்டு முறை கட்டுகிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார் என்றால் மறதி நோயின் தொடக்கமா என்று பார்க்க வேண்டும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று மந்தமாகி, பேச்சு குழறினால், வாய் கோணினால், காத்திருக்காமல் 108.

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதியோர் உதவி எண் 14567. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தப் புதன்கிழமை நோட்டையும் கொண்டுபோங்கள். எந்த மாதத்திலிருந்து என்னென்ன வேலை விடுபட ஆரம்பித்தது என்று அதில் தேதியோடு இருக்கும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.