ஆலாவின் அலகில் உள்ள மீனைக் குறிப்பெடுப்பது எப்படி

கூட்டுக்கு மீனோடு வரும் ஆலா என்ற கடற்பறவையைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "என்ன மீன்?" புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் எழுதச் சொல்வது நீளத்தை. நீளத்தை வைத்து வயதை ஓரளவு கணித்துவிடலாம். அந்த ஆண்டு முட்டையிலிருந்து வெளிவந்த பொடிமீன் பெரும்பாலும் வலைக்கண்ணில் நழுவிவிடும். பறவை அதையே தேடிப் பிடிக்கிறது. நாளை வலையில் விழப்போகும் மீனை இன்றே அலகில் பார்க்கலாம் என்பதுதான் மீன்வளக் கணக்குக்கு இதனால் கிடைக்கும் பெரிய லாபம். இப்படித்தான் அலாஸ்கா வளைகுடாவின் மிடில்டன் தீவில் ரைனோசெரஸ் ஆக்லெட் என்ற கடற்பறவைகள் கொண்டுவரும் சேபிள்ஃபிஷ் என்ற மீனின் குஞ்சுகளை ஆய்வாளர்கள் அளந்து வருகிறார்கள்.

அலகுதான் உங்கள் அளவுகோல். காமன் டெர்ன் ஆலாவுக்கு அலகு 3.5 முதல் 4 செ.மீ. இருக்கும். மீன் அதில் பாதியா, ஒன்றா, ஒன்றரையா, இரண்டா என்று எழுதுங்கள். பறவை மீனைக் குறுக்காகக் கவ்வியிருக்கும், தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். பக்கவாட்டில் திரும்பும் நொடியில் படம் எடுத்துவிட்டால் அப்புறம் நிதானமாக அளக்கலாம்.

உடலின் அகலத்தையும் விடாதீர்கள். 2012இல் கடல் சூடேறியபோது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மெய்ன் வளைகுடாவில் பஃபின் என்ற கடற்பறவைகள் குஞ்சுகளுக்குப் பட்டர்ஃபிஷ் கொண்டுவந்தன. தட்டையான, அகலமான மீன். குஞ்சுகளால் விழுங்க முடியவில்லை. பக்கத்தில் மீன் கிடக்க, குஞ்சுகள் பட்டினியால் செத்தன. நீளம் மட்டும் எழுதிய தாளில் இது தெரியவே தெரியாது.

அடையாளம் தெரியாத மீனையும் "தெரியவில்லை" என்று கட்டாயம் எழுதுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதினால், சுலபமாக அடையாளம் காணக்கூடிய மீன்தான் கடலில் அதிகம் என்று கணக்கு தப்பாகிவிடும். கடற்காகம் வழியில் பறித்துப்போன மீனுக்குத் தனி வரிசை போடுங்கள்.

சரி, தாய் தகப்பன் தின்பது? அது வேறு கதை. சின்ன இரையை அங்கேயே விழுங்கிவிட்டு, பெரியதைக் குஞ்சுக்குத் தூக்கி வரும் பறவைகள் உண்டு. நீர்க்காகம் கக்கிப்போடும் எலும்பு உருண்டையில் மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கற்கள் கிடைக்கும்; அதில் மீனின் இனமும் வயதும் தெரியும். ஆனால் சின்னக் கற்கள் வயிற்றிலேயே கரைந்துவிடுவதால் பொடிமீன் எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். உருண்டைக்காகக் கூடுகளுக்கு நடுவே போகாதீர்கள். பெரிய பறவை எழுந்துவிட்டால் வெயிலில் குஞ்சு தாங்காது. பருவம் முடிந்து கூடு காலியான பிறகு பொறுக்கினால் போதும்.

ஒரு மீனின் பங்கு உணவில் கூடினால் கடலில் அது பெருகியது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பறவை விரும்பித் தின்னும் மீன் குறைந்து, அது இதற்கு மாறியிருக்கலாம். அதனால் மணிக்கு எத்தனை முறை இரை வந்தது, குஞ்சின் எடை ஏறியதா என்பதையும் சேர்த்தே பாருங்கள். இரைமீன் அளவு அதன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கடற்பறவைகளின் இனப்பெருக்கம் சரிகிறது என்று 2011இல் வந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. வலைக்கும் பறவைக்கும் எவ்வளவு என்று பேசும் இடத்தில் உங்கள் தாள் பயன்பட வேண்டுமானால், சராசரியை மட்டும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு மீனும் ஒரு வரியாக, தேதி, நேரம், கூட்டு எண்ணோடு, அடுத்த பருவத்துக்கான பிடிப்பு அளவை முடிவு செய்யும் முன்பே கொடுத்துவிடுங்கள்.